பிலோமினாம்மா கவிழ்த்த நான்கு ராஜாக்கள்

போக்கர் ஆட்டத்தில் என்னை வெல்ல ஆள் கிடையாது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நான் என் வீட்டில், என் நாற்காலியில், லுங்கியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எதிராளி என் முகத்தைப் பார்க்கக் கூடாது. இவை அமைந்தால் நான் 'கொடுமுடி டைகர்'. அமையாவிட்டால் நல்லசிவம், வயது நாற்பத்தொன்று, ஈரோட்டில் பம்புசெட் கடை வைத்திருப்பவரின் மச்சான், அவ்வளவுதான்.

ஆன்லைனில் ஆறு வருடம் ஜெயித்தேன். திரையில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு மேசைகள் ஓடும். ஒருமுறை கார்டு போட்டு ஆடி முடிப்பதை ஒரு 'கை' என்போம். ஒரு நாளைக்கு ஐயாயிரம் கை ஆடுவேன். எந்தக் கையும் எனக்கு முக்கியமில்லை. நூறு கைக்கு நாற்பது ரூபாய் மிஞ்சினால் போதும், மாதக் கடைசியில் அது சம்பளமாகிவிடும். அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் எல்லாம் ஐயாயிரம் கைக்குள் கரைந்து போகும். மிஞ்சுவது திறமைதான் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் பந்திக்கு எழுந்து போனார்கள்.

பிறகு ஆட்டத்துக்குள் இயந்திரங்கள் புகுந்தன. 'சேலத்துச் சிங்கம்' என்ற பெயரில் எதிரே ஆடுவது சேலமும் இல்லை, சிங்கமும் இல்லை, ஆளே இல்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அரசாங்கம் ஆன்லைன் மேசைகளை மூடியது. இனி ஆட வேண்டுமென்றால் உயிருள்ள மனிதர் நேரில் உட்கார்ந்து, தன் கையால் கார்டைப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காரைக்கால் கடலோரம் நங்கூரம் போட்டுக் கிடந்த ஒரு பழைய பயணிகள் கப்பலுக்கு உரிமம் கிடைத்தது. நான் மனைவி யாழினியையும் கூட்டிக்கொண்டு காரைக்காலுக்குக் குடிபோனேன்.

முதல் நாள் பிற்பகலிலேயே மூன்று மாதச் சேமிப்பு போயிற்று. நல்ல கார்டு வந்தால் என் காது சிவக்கிறதாம். நாற்பத்தொரு வருடமாகக் கண்ணாடியில் முகம் பார்க்கிற எனக்கு இது தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த ஜவுளி வியாபாரிக்கு ஏழே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் போட்டிருந்தது இப்போது எல்லோரும் போடுகிற மூக்குக்கண்ணாடிதான். எதிராளியின் கழுத்து நாடி, கண்மணியின் விரிவு, வேர்வை எல்லாவற்றையும் படித்து ஓரத்தில் ஓர் எண்ணாகக் காட்டிவிடும். அதைத் தடை செய்யவும் முடியவில்லை, அது இல்லாவிட்டால் பாதிப் பேருக்குப் பேப்பர் படிக்க வராது.

வீட்டுக்கு வந்து யாழினியிடம் காது விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, இது உங்களுக்கே தெரியாதா?" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே ரெண்டு காதும் செவந்து கெடந்துச்சு. அதைப் பாத்துத்தான் எங்கம்மா சரின்னாங்க."

என்னைப் போல முகம் சரியில்லாத மேதைகள் ஏராளம் பேர் இருந்தோம். எங்களுக்காகவே ஒரு தொழில் முளைத்தது. அரசாங்கத் தாளில் அதன் பெயர் 'அமர்வாளர்'. காரைக்காலில் 'குந்துறவங்க' என்பார்கள். ஆட்டமே தெரியாத ஒருவரை மேசையில் உட்கார வைப்பது. காதுக்குள் ஒட்டிய பட்டாணி அளவுக் கருவி வழியாக, கீழ்த்தள அறையிலிருந்து நாம் சொல்லச் சொல்ல அவர் ஆடுவார். கையில் இருப்பது நல்ல கார்டா கெட்ட கார்டா என்று அவருக்கே தெரியாது. முகத்தைப் படித்து என்ன கிடைக்கும்? ஜெயித்தால் பத்தில் ஒரு பங்கு அவருக்கு.

அப்படித்தான் பிலோமினாம்மா வந்தார். அறுபது வயது, பருத்திப் புடவை, கையில் ஒரு ஒயர் கூடை.

"போக்கர் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி."

"வேற சீட்டாட்டம்?"

"எங்க வூட்டுக்காரரு ஆடுவாரு. அதனாலயே புடிக்காது."

"முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"கவர்மெண்டு ஆபீஸ்ல கவுண்டர்ல குந்தியிருந்தேன். முப்பத்தோரு வருசம். சாதி, வருமானம், இருப்பிடம், எல்லா சர்டிபிகேட்டும் நம்மகிட்டதான்."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். "அம்மா, உங்க வீட்டுல திருடன் பூந்துட்டானாம், இப்பதான் போன் வந்துச்சு" என்று ஒரு குண்டைப் போட்டேன். ஓரத்து எண் அசையவில்லை.

"எந்தத் தெருவுன்னு சொன்னாங்களா?" என்றார்.

"ரெண்டு போட்டோவும் ஆதார் நகலும் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க" என்று முப்பத்தோரு வருடம் சொல்லிச் சொல்லிப் பதப்பட்ட முகம் அது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் என் காது சிவந்திருக்கும்.

விதிகளை விளக்கினேன். "சட்டப்படி ஆட்டக்காரர் நீங்கதான். கார்டும் உங்களது, முடிவும் உங்களது. நான் வெறும் ஆலோசகர். ஆனா நான் சொல்றதை அப்படியே செய்யணும். நான் இந்தப் பொத்தானை அழுத்தினா என் குரல் உங்க காதுல கேக்கும். விட்டா நின்னுடும்."

"காதுல கரகரன்னா?"

"எப்பவாச்சும் கரகரக்கும். ஒண்ணு ரெண்டு தப்பு எல்லாருக்கும் வரும், பரவாயில்லை."

பரவாயில்லை என்று சொன்ன அந்த வாயை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஐயாயிரம் கை ஆடிப் பழகியவன் பேச்சு அது. நேரில் ஒரு பிற்பகலுக்கு நூறு கை தேறினால் அதிகம். அதில் பெரிய பணம் புரளுவது மூன்றோ நான்கோ. அந்த மூன்றை யார் எடுக்கிறாரோ அவர்தான் அன்றைக்கு ஜெயித்தவர். மீதித் தொண்ணூற்றேழு கையும் காற்று வாங்குவதற்குத்தான். கல்யாண வீடுகளில் இதை நான் சொன்னதில்லை.

மேசையில் ஒன்பது பேர், ஒன்பதும் குந்துறவங்கதான். பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்ற அமிர்தகடேசன், ஒரு தையற்காரர், சத்துணவில் சமைத்த ஓர் அம்மா, இப்படி. நாலரை மணிக்கு இடைவேளை விட்டால் ஒன்பது பேரும் மேல்தளத்தில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். கீழ்த்தளத்து ஒன்பது அறைகளில் ஒன்பது மேதைகள் தனித்தனியாக பிஸ்கட் தின்போம். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது கிளப் விதி. ஏழாம் அறை என்னுடையது.

பிறகு வந்தது ஆவணி மாதம், என் பொற்காலம். தொடர்ந்து பதினோரு நாள் ஜெயித்தேன். கார்டு நன்றாக வந்து ஜெயிப்பது யாருக்கும் வரும். நான் ஜெயித்தது ஒன்றுமில்லாத கார்டை வைத்துக்கொண்டு பொய்யாகப் பணத்தை ஏற்றிக் கட்டி. நான் ஏற்றிய மாத்திரத்தில் எட்டுப் பேரும் கார்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கினார்கள். 'டைகர்டா நீ' என்று அறைக்குள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பொத்தானை விட்ட பிறகுதான். இத்தனைக்கும் அந்த மாதம்தான் யாழினிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன். கெட்ட கட்டியாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கலக்கத்திலும் என் ஆட்டம் நடுங்கவில்லை பாருங்கள், இதற்குப் பெயர்தான் மன உறுதி என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்த பணத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டி நல்ல கட்டிதான் என்று முடிவு வந்தது.

இதோடு விட்டிருக்கலாம். நான் ஒரு புத்தகமும் எழுதினேன். 'நேரில் பொய் சொல்லும் கலை: கொடுமுடி டைகரின் பதினோரு நாட்கள்'. முந்நூற்று நாற்பது பிரதிகள் விற்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுத்தேன். எதிராளியின் மனத்தை எப்படி உடைப்பது என்பது நான்காவது பாடம்.

புரட்டாசியிலிருந்து மறுபடி தோல்வி. எட்டு வாரம் தோற்று ஒரு வாரம் ஜெயித்தேன். நாளுக்கு இரண்டு மூன்று தடவை பிலோமினாம்மா காது கரகரத்ததென்று தப்பாகக் கவிழ்த்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. இது வெறும் துரதிர்ஷ்டம், நேர் ஆட்டத்தில் திறமை தெரிய பத்து வருடமாவது ஆக வேண்டும் என்று யாழினிக்குத் தாளில் வரைந்து காட்டினேன்.

அவள் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தைப் பொங்கல் வரைக்கும் பாருங்க. அப்பறம் எந்தம்பி கடைல பம்புசெட்டு விக்கறதுன்னா விக்கறதுதான்" என்றாள்.

மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு. மார்கழிக் கடைசியில் கப்பலில் ஒருநாள் பெருமேசை நடக்கும். ஜெயிப்பவருக்குப் பெரிய பரிசு, கூடவே அடுத்த வருடம் முழுக்க இலவச இருக்கை. கையிருப்பு அத்தனையும் நுழைவுக் கட்டணமாகக் கட்டினேன். ஜெயித்தால் ஆட்டக்காரன், தோற்றால் பம்புசெட். நடுவில் வேறொன்றும் இல்லை.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு அந்தக் கை வந்தது. பிலோமினாம்மாவின் கண்ணாடியில் இருந்த கேமரா வழியாக என் திரையில் பார்த்தேன். போக்கரில் ஆளுக்கு இரண்டு கார்டு ரகசியமாக வரும். நடுவில் ஐந்து கார்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். எனக்கு வந்த இரண்டும் ராஜா. நடுவில் விரிந்த ஐந்தில் இரண்டு ராஜா. ஆக நான்கு ராஜாவும் என் பக்கம். அந்த மேசையில் அதை வெல்லும் கை கிடையாது. இருக்கலாம், இருக்காது என்ற பேச்சே இல்லை, கிடையாது.

அமிர்தகடேசன் பணத்துக்குப் பதிலாகத் தன் முன்னால் அடுக்கியிருந்த காயின் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். அவருடைய கீழ்த்தளத்து மேதைக்கு ஏதோ நல்ல கார்டு வந்து, பாவம், நம்பிவிட்டார். மற்ற ஏழு பேரும் ஒதுங்கியாயிற்று. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வருடம் என்னுடையது.

பொத்தானை அழுத்தினேன். "அம்மா, எல்லாத்தையும் தள்ளுங்க."

திரையில் அவர் கைகள் அசையவில்லை.

"அம்மா, கேக்குதா? எல்லாத்தையும் நடுவுல தள்ளுங்க!"

கைகள் அசைந்தன. இரண்டு ராஜாவையும் கவிழ்த்து, ஒரு மனுவைத் திருப்பிக் கொடுப்பது போல, கார்டு போடுபவர் பக்கம் தள்ளிவிட்டன. அவர் அதை எடுத்து மற்ற கார்டுகளோடு கலந்துவிட்டார்.

நான் கத்தியது ஆறாம் அறைக்கும் எட்டாம் அறைக்கும் கேட்டிருக்கும். அடுத்த அரை மணியில் என் காயின் கரைந்து, நான் மேசையை விட்டு வெளியேறினேன். அமிர்தகடேசன் ஜெயித்தார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கிளப் அலுவலகத்தில் ஒரு புகார்ப் படிவத்தை வாங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மேல்தளத்துக்கு ஏறினேன்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. பிலோமினாம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கூடையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"காது கரகரன்னுச்சா?" என்றேன்.

"இல்ல தம்பி. நல்லா கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் கவுத்தீங்க?"

"இன்னைக்கு உங்க முறை இல்லியே."

எனக்குப் புரியவில்லை. அவர் கூடையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே மடித்த காகிதத் துண்டுகள்.

"திங்கக்கெழமை இதுல ஒண்ணு எடுப்போம். யாரு பேரு வருதோ அந்த வாரம் அவுங்க ஜெயிக்கணும். எங்களுக்கு ஆட்டம் தெரியாதுல்ல? தெரியவும் வேணாம். மொறக்காரவுங்க பணத்தை ஏத்துனா மத்தவுங்க கார்டை கவுத்துடணும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மூணு தடவ கவுத்தா போதும். கேட்டா காது கரகரன்னுச்சுன்னு சொல்லிடுவோம். பத்துல ஒரு பங்குன்னாலும் ஒண்ணா வந்தாத்தான் தம்பி எதுக்கும் ஆவும்."

ஒன்பது இருக்கை. எட்டு வாரம் தோற்று ஒரு வாரம் ஜெயித்தேன். எண்களை வைத்தே வயிறு வளர்த்த என் கண்ணில் அது படவில்லை. கீழே இருக்கும் ஒன்பது மேதைகளும் இதே நேரம் தாளில் துரதிர்ஷ்டத்தை வரைந்துகொண்டிருப்போம் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அவமானம் கோபமானது.

"இது மோசடி," என்றேன். "எல்லாருக்கும் வேலை போகும். நான் புகார் கொடுக்கப் போறேன்."

"குடுங்க. உங்க பணமில்லியா, கோவம் வரத்தான் செய்யும்," என்றார். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. "பாரம் வாங்கிட்டீங்களா? இப்புடிக் கொண்டாங்க."

படிவத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். தன் பேனாவை எடுத்தார். நான் அவர்மேல் கொடுக்கும் புகாரை அவரே நிரப்ப ஆரம்பித்தார்.

"பேரு பெரிய எழுத்துல போடணும். தேதி விட்டுட்டீங்க பாருங்க. எதிர் மனுதாரர் பேரு... பிலோமினா, க.பெ. செபஸ்தியான். ஒன்பது பேரையும் போடணுமா, நான் மட்டும் போதுமா?"

அவர் வரிசையாக இறங்கி வந்து எட்டாவது கேள்வியில் பேனாவை நிறுத்தினார்.

"'இந்த முறைகேட்டால் மனுதாரர் ஆதாயம் ஏதும் அடைந்துள்ளாரா?' இதுக்கு ஆமான்னு போடணும் தம்பி. பொய் எழுதுனா மனு நிக்காது."

"ஆமாவா? எப்படி ஆமா? ஒன்பது வாரத்துல ஒரு தரம் குடுத்தீங்களே, அதைச் சொல்றீங்களா?"

"அது மொற. அதை விடுங்க. ஆவணி மாசம், பதினோரு நாளு."

கடல் காற்று காதில் அடித்தும் அந்த வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பொத்தான விட்டா குரல் நின்னுடும்னு சொன்னீங்க. அது நிக்காது தம்பி, மொதல் நாள்லேருந்தே. நீங்க பிஸ்கட் கடிக்கிறதுகூட கேக்கும். 'டைகர்டா நீ'ன்னு சொல்லிக்குவீங்களே, அதுவும். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன். ஆவணியில ஒருநாள் டாக்டர் போன் பண்ணுனாரு. நீங்க போனை வெச்சதும் அழுதீங்க. ரொம்ப நேரம் அழுதீங்க. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, 'அம்மா, நூறு காயின் கட்டுங்க'ன்னீங்க."

அவர் கூடையின் பிடியைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னைக்கு டீ குடிக்கையில சொன்னேன், ஏழாம் நம்பர் தம்பி வூட்டுல இப்புடின்னு. எவ்வளவு ஆவும்னாங்க. நீங்கதான் போன்ல யாருகிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அந்தத் தொகையச் சொன்னேன். பதினோரு நாளு ஆச்சு அது சேர."

"என் பேரு வந்துச்சா அந்த டப்பாவுல?"

"பேரே போடல தம்பி. கணேசன் மொற அது." அமிர்தகடேசனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கண்ணு ஆபரேசனுக்கு வெச்சிருந்தாரு. 'எனக்கு இன்னும் நாலு மாசம் கண்ணு தெரியும், அந்தப் புள்ளைக்கு மொதல்ல ஆவட்டும்'னு விட்டுக் குடுத்தாரு. அப்புறம் மார்கழி மேசை அவருக்குன்னு எல்லாருமா பேசி முடிவு பண்ணுனோம். இப்ப அவருக்கு ஹார்ட்டும் டயமண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

நான்காவது பாடம், எதிராளியின் மனத்தை உடைப்பது எப்படி. முந்நூற்று நாற்பது பிரதிகள். அந்த நொடியில் கடலில் குதிக்கலாம் என்றிருந்தது. எனக்கு நீச்சல் நன்றாக வரும் என்பதால் விட்டுவிட்டேன். பிறகு அழுகை வந்தது. இந்த முறை யாருக்கெல்லாம் கேட்கும் என்று யோசிக்கவில்லை.

பிலோமினாம்மா படிவத்தை நீட்டினார். "எல்லாம் நெரப்பிட்டேன். கீழ கையெழுத்து மட்டும் பாக்கி."

நான் பேனாவை வாங்கவில்லை.

"கையெழுத்து இல்லாத மனு செல்லாது தம்பி," என்றார். முப்பத்தோரு வருடம் சொன்ன அதே குரல். படிவத்தை நாலாக மடித்து, எண்ணெய் கசிந்த டிபன் பாக்ஸின் அடியில் வைத்துக் கூடையை மூடினார்.

இறங்கும் படியருகே கம்பியைத் தடவிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். என் காலடி கேட்டுத் திரும்பினார்.

"யாரு? பிலோமினா கூட பேசிக்கிட்டிருந்தது... ஏழாம் நம்பர் தம்பியா?" என்றார் அமிர்தகடேசன். நான்கு மாதமாக நான் மனத்தை உடைத்துக்கொண்டிருந்த எதிராளியை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துச் சிரித்தார். "வூட்ல எப்புடி இருக்காங்க தம்பி? நல்லாயிட்டாங்களா?"

"நல்லாயிட்டாங்கய்யா," என்றேன். அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டேன். நன்றி என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. பேச்சில் நான் எப்போதும் ஆன்லைன்தான்.

வீட்டு வாசலில் யாழினி கோலமாவு டப்பாவை வைத்துவிட்டு எழுந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

"தோத்துட்டேன். முழுசா. உந்தம்பிகிட்ட சொல்லிடு, தை மாசமே வந்துடறேன்னு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, மாவு ஒட்டிய விரலால் என் காதைத் தொட்டாள்.

"ஏனுங்க, தோத்துட்டேன்னு சொல்றீங்க," என்றாள். "ரெண்டு காதும் இப்படிச் செவந்து கெடக்குது?"